அழைப்பாணைச் சார்வு: தாமே வழக்காடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வழக்காடுவோர், வழக்குரையை எழுதுவதில் காட்டும் அக்கறையைப் பிரதிவாதிக்கு அழைப்பாணை முறைப்படி சேர்வதிலும் (சார்வு) காட்ட வேண்டும். வழக்குக்கு எண் கிடைத்துவிட்டால் மற்றதை நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவது முதல் தவறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் ஆணை 7, விதி 9-இன்படி, நீதிமன்றம் உத்தரவிட்ட 7 நாட்களுக்குள், பிரதிவாதிகள் எத்தனை பேரோ அத்தனை வழக்குரை நகல்களையும் அழைப்பாணைக்கான கட்டணத்தையும் வாதிதான் செலுத்த வேண்டும். பேட்டா எனப்படும் இந்தக் கட்டணத்தைக் கட்டாததால் அழைப்பாணை போகாமல் நின்றால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

அடுத்தது முகவரி. பழைய பத்திரத்தில் கண்ட முகவரியை விசாரிக்காமல் அப்படியே எழுதிக் கொடுப்பதும், பழைய கதவு எண்ணையும் புதிய எண்ணையும் தெளிவாகக் குறிக்காமல் விடுவதும் ‘ஆள் இல்லை’ என்ற குறிப்போடு அழைப்பாணை திரும்பிவரக் காரணமாகின்றன. பிரதிவாதி அங்கே இல்லை என்று தெரிந்தே அந்த முகவரியைக் கொடுப்பது கவனக்குறைவு அல்ல. அது நீதிமன்றத்தை ஏமாற்றுவது.

நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாமே தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சார்வு முடிந்தது என்று நம்பிவிடக் கூடாது. ஆணை 5, விதி 9-ஏ இதற்கு வழி தருகிறது: வாதி மனுச் செய்து அனுமதி பெற்று, நீதிபதியின் கையொப்பமும் நீதிமன்ற முத்திரையும் உள்ள நகலைப் பிரதிவாதியிடம் நேரில் கொடுத்து, அசல் அழைப்பாணையில் அவருடைய ஒப்புகைக் கையெழுத்தைப் பெற வேண்டும். அவர் வாங்க மறுத்தால் அங்கே வாக்குவாதம் செய்யாமல், நீதிமன்றத்தின் மூலமே மீண்டும் அனுப்பும்படி மனுச் செய்வதே முறை.

யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதிலும் கவனம் தேவை. பிரதிவாதி வீட்டில் இல்லாமல், நியாயமான காலத்துக்குள் அவர் கிடைக்கும் வாய்ப்பும் இல்லாதபோது, அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினர், ஆணோ பெண்ணோ, பெற்றுக்கொள்ளலாம். வீட்டு வேலையாள் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று விதி 15 வெளிப்படையாகவே சொல்கிறது. நிறுவனம் என்றால் அதன் செயலர், இயக்குநர் அல்லது முதன்மை அலுவலரிடமோ, பதிவு அலுவலகத்திலோ சேர்க்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். சார்வில் உள்ள குறை அன்றே தெரியாது. பிரதிவாதி வராமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை கிடைத்து, அதை நிறைவேற்றப் போகும்போதுதான் அவர் வந்து, தமக்கு அழைப்பாணையே வரவில்லை என்று ஆணை 9, விதி 13-இன் கீழ் மனுச் செய்வார். முறையான சார்வு நடக்கவில்லை என்றால், அதற்கான 30 நாள் காலவரையறை தீர்ப்பாணையை அவர் அறிந்த நாளிலிருந்துதான் தொடங்கும். அது சில ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம். விசாரணைத் தேதி அவருக்கு முன்பே தெரிந்திருந்து, வருவதற்குப் போதிய அவகாசமும் இருந்திருந்தால், சிறு முறைகேட்டுக்காக மட்டும் தீர்ப்பாணை நீக்கப்படாது. ஆனால் அதை மெய்ப்பிக்க அஞ்சல் ரசீது, ஒப்புகை அட்டை, அழைப்பாணையைக் கொண்டு சேர்க்கும் நீதிமன்ற ஊழியரான அமீனாவின் அறிக்கை நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

பத்திரிகை விளம்பரத்தை முதல் வழியாகக் கேட்பதும் தவறு. பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிந்து திரிகிறார் என்றோ, வழக்கமான முறையில் சேர்க்க இயலாது என்றோ நீதிமன்றம் நம்பினால்தான் ஆணை 5, விதி 20 பொருந்தும். நாளிதழும் அவர் கடைசியாக வசித்த பகுதியில் புழங்குவதாக இருக்க வேண்டும். அழைப்பாணை சேராமல் திரும்பினால், அடுத்த வாய்தா வரை காத்திராமல், திரும்பிய 7 நாட்களுக்குள் புதிய அழைப்பாணைக்கு மனுக் கொடுத்துவிட வேண்டும்.