ஒரு மீட்டர் கான்கிரீட் படகு செய்வது எப்படி

அளவைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 1 மீட்டர், அகலம் 36 செ.மீ., ஆழம் 18 செ.மீ. நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காயின் பாதியை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் வடிவம்.

கம்பியைத் தொடும் முன் கணக்கு. இந்த உருவம் விளிம்பு வரை அமிழ்ந்தால் ஏறக்குறைய 34 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். ஆகவே படகும் சுமையும் சேர்ந்து 34 கிலோவைத் தொட்டால் மூழ்கிவிடும். ஓட்டின், அதாவது படகின் உடலின், பரப்பு அரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 10 மி.மீ. கனத்தில் பூசினால் ஓட்டின் எடை 11 கிலோ, இன்னும் 20 கிலோவுக்கு மேல் தாங்கும். பலமாக இருக்கட்டும் என்று 3 செ.மீ. கனத்தில் பூசினால் ஓடு மட்டுமே 33 கிலோவைத் தாண்டும். ஒரு கல்லைக்கூட ஏற்ற முடியாது.

கட்டட வேலையில் பல காலம் கம்பிக்கும் பூச்சுக்கும் நடுவே நின்றவன் நான். அங்கே சந்தேகம் வந்தால் கனத்தைக் கூட்டுவோம். படகில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இங்கே கனத்தைக் குறைத்துவிட்டு, கம்பியை ஓடு முழுக்கப் பரப்ப வேண்டும். இதை 1848-லேயே செய்து காட்டியவர் பிரான்சின் மிராவாலில் இருந்த ஜோசப் லூயி லாம்போ. கம்பி வலைமேல் சிமெண்ட் சாந்து பூசிப் படகு செய்தார். 1855-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலும் வைத்தார். அவர் செய்த படகு ஒன்று பிரிஞோல் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

சரி, கூடு கட்டலாம். விளிம்புக்கு 6 மி.மீ. கம்பியை நீள்வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். அடியில் முன்னிருந்து பின்வரை நடுவாக 3 மி.மீ. கம்பி ஒன்று. 10 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே 3 மி.மீ. விலா எலும்புகள். இதன்மேல் அரை அங்குலக் கண்ணுள்ள கோழிவலை, உள்ளே இரண்டு சுற்று, வெளியே இரண்டு சுற்று. ஒரு சுற்றின் கண் அடுத்த சுற்றின் கண்ணுக்கு நேராக வராமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பிறகு கட்டுக்கம்பியால் நான்கு விரலுக்கு ஒரு முடிச்சு. முடிச்சின் வால் உள்பக்கமாக மடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துரு அந்த வழியாகத்தான் உள்ளே போகும். கட்டி முடித்ததும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். வலை ஸ்பிரிங் மாதிரி மேலே எழும்பினால் முடிச்சு போதாது. பூசும்போது அந்த இடம் தடித்துவிடும், தடித்தால் எடை கூடும்.

விலா, வலை, கட்டுக்கம்பி எல்லாமே துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். துத்தநாகம் பூசாத கறுப்புக் கம்பியையும் துத்தநாக வலையையும் கலந்து கட்டினால் ஈரச் சாந்துக்குள் இரண்டும் சேர்ந்து பேட்டரி போல வேலை செய்யும். ஹைட்ரஜன் குமிழி எழும்பி, கம்பியை ஒட்டியே பொந்து விழும். இதைத் தடுக்கப் பழைய படகுக்காரர்கள் தண்ணீரில் குரோமிய உப்பு கலப்பார்கள். அது விஷம், கையால் பூசும் வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

சாந்துக்கு உப்பில்லாத மணல் வேண்டும், கடல் மணல் கூடாது. 2.36 மி.மீ. சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் 4 கிலோ, மணல் 8 கிலோ, தண்ணீர் 1.6 லிட்டர். கொஞ்சம் மிஞ்சும், பரவாயில்லை. பூச்சு வேலைக்குப் பழகிய கைக்கு இந்தக் கலவை இறுகலாகத்தான் தெரியும். ஒரு பிடி எடுத்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. இளக்கமாக இருந்தால் பூச லேசு என்று தண்ணீர் விட்டால், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் நாளைக்குக் கசியும்.

பூச இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளிருந்து கட்டைவிரலால் சாந்தை வலைக்குள் தள்ள வேண்டும். மற்றவர் வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான்கு சுற்று வலையையும் கடந்து சாந்து புழுப் புழுவாக வெளியே எட்டிப் பார்க்கும். எந்தக் கண்ணில் புழு வரவில்லையோ அதன் பின்னால் காற்று அடைபட்டிருக்கிறது. "இங்கே வரலை" என்று வெளியே இருப்பவர் விரலால் தட்டிக் காட்டுவார், உள்ளே இருப்பவர் மறுபடி அழுத்துவார். இதில் அவசரமே கூடாது. எல்லாக் கண்ணிலும் வந்த பிறகு வெளிப்புறம் கரணையால் வழித்து, கம்பிமேல் ஒன்றரை மி.மீ. சாந்து நிற்கும்படி மட்டம் செய்யுங்கள். விளிம்பை மட்டும் கொஞ்சம் தடிப்பாக உருட்டிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த ஒட்டில் நீர் கசியும்.

அப்புறம் கியூரிங், அதாவது சாந்தைக் காயவிடாமல் ஈரத்திலேயே இறுகவைப்பது. என் முதல் படகு இங்கேதான் கெட்டது. இரண்டாம் நாளே கெட்டியாகிவிட்டதே என்று வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் விலாக்களின் மேலே மயிரிழை போல வெடிப்பு, 10 செ.மீ.க்கு ஒன்றாக, அளந்து கோடு போட்ட மாதிரி. தொட்டியில் இறக்கினேன். ஒரு மணி நேரத்தில் உள்பக்கம் வியர்வை போல முத்து முத்தாகத் தண்ணீர். அதை உடைக்கும்போது மனசு கேட்கவில்லை. ஈரச்சாக்கு சுற்றி, மேலே பாலித்தீன் தாள் மூடி, குறைந்தது 14 நாள், முடிந்தால் 28 நாள் நிழலில் வையுங்கள். சாக்கு ஒரு வேளைகூடக் காயக் கூடாது.

பெரிய கப்பல்களிலும் எடைதான் தலைவலி. முதல் உலகப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நார்வேயில் நிக்கொலாய் ஃபோக்னர் 1917-ல் 'நாம்சென்ஃபியோர்ட்' என்ற கடலோடும் கான்கிரீட் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார். 1918 மார்ச்சில் கலிபோர்னியாவில் 'ஃபெயித்' இறங்கியது. அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் 24 கப்பல்களுக்கு ஒப்புதல் கொடுத்தார். கட்டி முடித்தவை 12, அவையும் போர் முடிந்த பிறகுதான் தயாராயின. எடையைக் குறைக்க உதவியவர் கான்சாஸ் சிட்டியில் செங்கல் தொழில் செய்த ஸ்டீபன் ஹேட். சூளையில் சூடு மிஞ்சினால் சில கற்கள் உப்பிப்போகும் அல்லவா, நாம் ஒதுக்கித் தள்ளும் கல். அந்த உப்பலைப் பார்த்து, களிப்பாறையைச் சூளையிலிட்டு உப்பவைத்து லேசான ஜல்லி செய்தார். 1919-ல் அலபாமாவில் இறங்கிய 'செல்மா' எண்ணெய்க் கப்பலின் ஓடு அந்த ஜல்லியில் செய்ததுதான். பக்கச் சுவர் 4 அங்குலம், அடி 5 அங்குலம். பல பத்தாண்டுகள் கழித்து அதிலிருந்து துண்டெடுத்துச் சோதித்தபோதும் கான்கிரீட் உறுதி குறையவில்லை, கம்பியிலும் பெரிய அரிப்பில்லை. கம்பியை மூடிய கான்கிரீட் ஓர் அங்குலம்கூட இல்லை, அதுவும் உப்புத் தண்ணீரில்! நெருக்கமான கலவை என்றால் அதுதான்.

அந்தச் செல்மாவை முடித்துவைத்தது ஒரே ஒரு மோதல். 1920 மே மாதம் மெக்சிகோவின் தாம்பிக்கோவில் அலைத்தடுப்புச் சுவரில் இடித்து 60 அடி நீளத்துக்குப் பிளந்துகொண்டது. சரிசெய்ய வழி கிடைக்காமல் 1922-ல் டெக்சாசில் கால்வெஸ்டன் அருகே மூழ்கடித்தார்கள். அதே 1920-ல் 'கேப் ஃபியர்' வேறொரு கப்பலோடு மோதி நொறுங்கியதில் 19 பேர் இறந்துபோனார்கள். எஃகுத் தகடு அடி வாங்கினால் நெளியும். கான்கிரீட் உதிரும்.

அதனால்தான் வலையை நெருக்கமாகப் போடச் சொல்கிறேன். என் இரண்டாவது படகு முழங்கால் உயரத்திலிருந்து நழுவிக் கல்படியின் முனையில் விழுந்தது. கையகலத்துக்குச் சாந்து நொறுங்கியது, ஆனால் ஒரு துண்டும் கீழே விழவில்லை. எல்லாத் தூளையும் வலை பிடித்துக்கொண்டிருந்தது. இப்படி ஆனால் நொறுங்கியதை ஊசிச் சுத்தியால் கொத்தி எடுத்து, வலையைத் தட்டி நிமிர்த்தி, கழுவி, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, அதே கலவையை இருபுறமும் அழுத்துங்கள். மறுபடி 14 நாள் ஈரச்சாக்கு. அந்த இடம் இன்றுவரை கசியவில்லை. இத்தாலியின் பியர் லூயிஜி நெர்வி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வலையை அடுக்கடுக்காகப் போட்டு 35 மி.மீ. கனத்தில் 165 டன் 'இரீன்' கப்பலைக் கட்டினார். நான் பின்பற்றுவது அவர் வழியைத்தான்.

மற்ற கப்பல்கள் பலவற்றுக்கும் ஓடுவதைவிட நிற்பதுதான் பொருந்தியது. ஃபெயித் 1921-ல் கியூபாவில் அலைத்தடுப்பானது. படகுத்துறையாக்க அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள கேப் மே கரைக்குக் கொண்டுவந்த 'அட்லாண்டஸ்' 1926-ல் புயலில் கட்டறுந்து தரைதட்டி, அங்கேயே தங்கிவிட்டது. 'பாலோ ஆல்ட்டோ' கலிபோர்னியாவின் சீக்ளிஃப் கடற்கரையில் நடன மேடையும் நீச்சல் குளமுமாக இரண்டு பருவம் ஓடி, பிறகு அலையில் விரிசல் விட்டது. அதன் ஜோடிக் கப்பல் 'பெரால்ட்டா' கனடாவின் பவல் ரிவரில் ஒரு காகித ஆலைக்கு மிதக்கும் அலைத்தடுப்பாகப் பல பத்தாண்டுகள் நின்றது. இரண்டாம் உலகப் போரில் ஃப்ளோரிடாவின் தாம்பாவில் 24 கப்பல் கட்டினார்கள். இரண்டை 1944-ல் நார்மண்டிக் கரையில் அலை தடுக்க மூழ்கடித்தார்கள். ஒன்பது, வர்ஜீனியாவின் கிப்டோபீக்கில் வரிசையாக அலையை வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

28 நாள் முடிந்ததா? முதலில் படகை மணல்மேல் அமர்த்தி உள்ளே தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வையுங்கள். வெளியே ஈரத் திட்டு தெரிந்தால் சாக்கட்டியால் வட்டமிட்டு அங்கே மட்டும் சரிசெய்யுங்கள். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, இரண்டு பேராகப் பிடித்துக் குளத்தில் இறக்குங்கள். 9 செ.மீ. அமிழ்ந்து, மீதிப் பாதி வெளியே நிற்கும். நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரு கிலோ மணல் பைகளாக, நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக ஏற்றுங்கள். பத்துப் பையில் 13 செ.மீ. தாண்டும். அங்கே இரண்டாவது கோடு போட்டு, அதற்குமேல் ஏற்றாதீர்கள். கட்டிவைக்கும்போது கரைக்கல் உரசாத தூரத்தில், படகுக்கும் கரைக்கும் நடுவே பழைய டயர் ஒன்றைத் தொங்கவிட்டுக் கட்டுங்கள்.