ரெண்டர் போட்டால் அணைந்துபோன கம்ப்யூட்டர்

திருப்பூரில் மாமாவின் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் போடும் கம்ப்யூட்டருக்குப் புதிதாக என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு மாட்டி வாங்கி வந்திருந்தார். சாதாரண வேலைக்கு ஓடும். ரெண்டர் (டிசைனை முழுப் படமாக்கும் கனமான வேலை) போட்டால் பட்டென்று அணைந்துவிடும். "கார்டே கோளாறாட்ட இருக்குதுங் மாப்ள" என்றார்.

எனக்குச் சந்தேகம், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல். கேபினெட்டைத் திறந்து லேபிளைப் படித்தேன். 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், கார்டும் பிராசஸரும் கரண்ட் எடுக்கும் 12 வோல்ட் லைனில் 18 ஆம்பியர்தான். பெருக்கினால் 216 வாட். கார்டுக்கே 170, பிராசஸருக்கு 65, எப்படித் தாங்கும்? எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது இந்த 12 வோல்ட் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பயம் தந்தது, ஹார்டு டிஸ்குக்கான சாட்டா வயரிலிருந்து கார்டின் 8 பின் பிளக்குக்குப் போட்டிருந்த கன்வெர்ட்டர். ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். 8 பின் 150 வரை இழுக்கலாம். வயர் உருகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. முதலில் அதைப் பிடுங்கினேன்.

என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். நான் 650 வாட்டில், 8 பின் வயர் தனியாக வரும் எஸ்எம்பிஎஸ் போட்டேன். இப்போது ரெண்டர் நிற்காமல் ஓடுகிறது. அப்புறம் ஒன்று: கழற்றி மாட்டும் வயருள்ள மாடல் என்றால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை இதில் செருகாதீர்கள். பொருந்தினாலும் பின் வரிசை மாறியிருக்கலாம், கார்டு எரிந்துவிடலாம்.