கூரைத் தண்ணீரைக் கால்வாயில் விடாதீர்கள்
மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீடுகளில் இன்னும் தகரக் கூரைகளைப் பார்க்கலாம். சாயங்கால மழை அதில் கொட்டி நேரே கால்வாய்க்குப் போகிறது. நாமோ சுத்திகரித்த குழாய்த் தண்ணீரில் கார் கழுவுகிறோம். மனசு கேட்கவில்லை.

1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 20 சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 200 லிட்டர், ஒரு பெரிய நீல டிரம் நிறைந்துவிடும்.

முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். பறவை எச்சம், சருகு, தூசி எல்லாம் அதில்தான் வரும். தெளிந்து ஓடியதும் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை டிரம்முக்குள் திருப்புங்கள்.

அப்புறம் கொசு. டெங்கி பரப்பும் ஏடிஸுக்குத் தேங்கிய தெளிந்த தண்ணீர் போதும்; ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பழைய கொசுவலையை டிரம்மின் வாயில் விரித்து, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் முதலில் கயிறு கட்டினோம், வெயிலில் தளர்ந்துவிட்டது. டியூப் பிடித்த பிடியை விடவில்லை.

கறிவேப்பிலைச் செடி, வாசல், கழிப்பறை, கார், எல்லாவற்றுக்கும் இது சரி. குடிக்க, சமைக்க வேண்டாம். டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் குழாய் பொருத்துங்கள், வண்டல் கீழேயே தங்கிவிடும்.