பூங்கா வேலைச் சம்பளம்: சீட்டைச் சரிபார்த்து, ஆண்டுக் கணக்குப் போடுவது எப்படி

சென்னையின் ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். ஓரங்களிலும் மேட்டுப்பாளையம், கோவை, மதுரைப் பக்கங்களிலும் உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களில் ரைடு ஓட்டுபவர்கள், நீச்சல் குளத்து லைஃப் கார்டுகள், டிக்கெட் கவுண்டர் ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று பலர் வேலை செய்கிறார்கள். இவர்களின் வருமானம் ஏப்ரல், மே மாதங்களில் ஏறி, வடகிழக்குப் பருவமழையில் இறங்கும். வாடகையும் அரிசியும் அப்படி ஏறி இறங்குவதில்லை. அதனால் மாதக் கணக்கு போட்டுப் பயனில்லை. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்குதான் இந்த வேலைக்குப் பொருந்தும்.

முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். சீட்டே தருவதில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. ஒரு மாதிரிக் கணக்கு: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய், வேறு படிகள் இல்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,680. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், அதாவது 105. கைக்கு வருவது 12,215. பி.எஃப்.புக்கு முதலாளி தன் பங்காக இன்னொரு 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். அந்த முதலாளி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்தால் அது சட்டவிரோதம். ‘சி.டி.சி.’ (உங்களுக்காக முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று பெரிய தொகையைச் சொல்லி வேலைக்குச் சேர்க்கும் இடங்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றி பி.எஃப். தொகையைச் சுருக்குவது பழைய வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மாறும். ஏப்ரல் சீட்டையும் மார்ச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சப்படி அசையாமல் இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்தது ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலை. அதிகம் நழுவுவது இங்கேதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) பொழுதுபோக்கு இடங்களையும் உள்ளடக்கியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை; அதற்கு மேல் இரட்டைக் கூலி. ஓ.டி.யையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. 4 மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை உண்டு. இடைவேளையையும் சேர்த்து வந்து போகும் நேரம் மொத்தம் 12 மணிக்குள் அடங்க வேண்டும்.

மணிக்கூலி இப்படி வரும்: 14,000-ஐ 26 நாளால் வகுத்தால் 538 ரூபாய் 46 காசு. அதை 8 மணியால் வகுத்தால் 67.31. இரட்டிப்பு 134.62. மாதம் 24 மணி நேர ஓ.டி.க்கு ஏறத்தாழ 3,230 ரூபாய். அதே சம்பளத்தை 30 நாளால் வகுத்துக் கொடுத்தால் 2,800 தான் கிடைக்கும். ஒரே மாதத்தில் 430 ரூபாய் குறைவு. வாராந்திர விடுப்பு போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்பதுதான் வகுக்கும் எண்ணுக்குக் காரணம், இதை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இன்னொரு நழுவல், கேட் திறக்கும் முன் நடக்கும் ரைடு சோதனையும், கூட்டம் போன பின் நடக்கும் கணக்கு ஒப்படைப்பும். ஆளில்லாமல் ரைடை ஓட்டிப் பார்ப்பது, பெல்ட், லாக் பார் பார்ப்பது, குளத்துக் குளோரின் அளவு பார்ப்பது எல்லாமே வேலை நேரம். பயோமெட்ரிக்கில் விரல் வைக்கும் நேரம் ஷிஃப்ட் தொடங்கும் நேரமாக மட்டும் பதிவாகிறதென்றால், சிறிய நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், வேலை பார்த்த ரைடு ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய நோட்டை யாரும் மதிப்பதில்லை.

விடுமுறை நாட்களில்தான் பூங்காவுக்குக் கூட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு 5 பண்டிகை நாட்கள் என ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் விடுப்பும். ‘காம்ப் ஆஃப்’ (ஈட்டு விடுப்பு) என்று சொல்லிவிட்டுத் தராமலே போவது வழக்கமாகிவிட்ட இடங்களில், எந்த விடுமுறைக்கு எந்த நாள் என்று வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கவுண்டரில் பணம் குறைந்தால் உடனே சம்பளத்தில் பிடிப்பது சரியல்ல. உங்கள் கவனக்குறைவால்தான் இழப்பு என்று காட்ட வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். அபராதம் என்றால் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஷிஃப்ட் மாறும்போது நோட்டுகளை எண்ணி, அடுத்தவரிடம் கையெழுத்து வாங்குவது இந்தச் சண்டையையே தவிர்த்துவிடும். நாள் முழுக்க நிற்க வைப்பதும் இனி முடியாது; உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது.

இனி செலவு. மழைக்காலத்தில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. மாதத்தில் 16 நாள்தான் வேலை என்றால் 538.46 வீதம் 8,615 ரூபாய். பிடித்தம் போக 7,517. இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் அடிப்படைச் செலவு இதற்குள் அடங்க வேண்டும். நாலு பேர் பகிரும் அறைக்கு மாதிரியாக: வாடகைப் பங்கு 2,000, சேர்ந்து சமைத்த சாப்பாடு 3,500, பஸ் 600, மின்சாரமும் எரிவாயுவும் 350, மருந்தும் சோப்பும் 300, போன் 250. ஆக 7,000. உங்கள் ஊருக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். போன் ரீசார்ஜ் 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்கு 13 முறை வரும், 12 அல்ல.

வீட்டுக்கு மாதம் 4,000 அனுப்புகிறவருக்கு மழை மாதத்தில் 11,000 தேவை. 3,483 துண்டு விழும். நவம்பர், டிசம்பர் இரண்டுக்கும் 6,966. ஏப்ரல், மே ஓ.டி. இரண்டும் சேர்ந்தால் 6,460, இ.எஸ்.ஐ. போகக் கொஞ்சம் குறையும். சீசன் ஓ.டி. பணம் மழைக்காலச் சம்பளம் என்றே நினைத்து, அது வந்த அன்றே தனி வங்கிக் கணக்குக்கோ 500 ரூபாயில் திறக்கும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கோ மாற்றிவிடுங்கள். மே மாதக் கடைசியில் அந்தப் பணம் புது போனாக மாறினால், நவம்பரில் வட்டிக்காரரிடம் நிற்க வேண்டிவரும்.

மழைக்கால நாட்கள் இ.எஸ்.ஐ.யையும் தொடும். ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால் அடுத்த ஜனவரி–ஜூனில் நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அக்டோபர்–மார்ச் கணக்கு ஜூலை–டிசம்பருக்கு. மழையில் வேலை குறைந்து 78 நாள் எட்டவில்லை என்றால் அடுத்த ஜூலை–டிசம்பரில் காய்ச்சலில் படுத்தால் பணம் வராது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் நாட்களை எண்ணி, குறைந்தால் கூடுதல் ஷிஃப்ட் கேளுங்கள். வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் நிபந்தனை இல்லை. உதவித்தொகை 90 சதவீதம். அதற்கு விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுத வைப்பது அவசியம். நீர் விளையாட்டுப் பகுதியில் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்குப் புண் வரும். இரண்டு ஜோடிச் செருப்பை மாற்றி மாற்றிக் காயவைத்துப் போட்டால் மருந்துச் செலவு மிச்சம்.

அறை எடுக்கும்போது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். தனி மீட்டர் உள்ள அறையே லாபம்: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பொது மீட்டரில் உரிமையாளர் ஒரே விலை போட்டால் அந்தச் சலுகை போய்விடும். பெண் ஊழியர்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு அந்த வகைப் பேருந்து ஓடுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்த் தேசிய உணவுப் பாதுகாப்பு அட்டையில் இங்கே தானியம் வாங்கலாம்.

கான்ட்ராக்டர் மாறினாலும் பழைய யு.ஏ.என். எண்ணையே (உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான ஒரே அடையாள எண்) கொடுங்கள். புது எண் உருவாகிவிட்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுச் சேவை துண்டாகும். பி.எஃப். பாஸ்புக்கை அரசின் உமங் செயலியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்த பணம் கட்டப்படவில்லை என்றாலோ கூலி பாக்கி என்றாலோ கான்ட்ராக்டரோடு நிற்காமல், பூங்கா நிர்வாகத்திடமும் கேட்கலாம். கான்ட்ராக்டர் தராத பணத்துக்கு முதன்மை முதலாளியான பூங்கா நிர்வாகம் பொறுப்பு. நோட்டு, சீட்டு, வாட்ஸ்அப் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். பாக்கி விழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.