வெள்ளைப்படுதலுக்குப் போகும்போதே கர்ப்பப்பை வாயையும் பார்த்துவிடுங்கள்

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகும் என் சித்திக்கு ஆறு மாதமாக வெள்ளைப்படுதல். "உடம்பு சூடு, வெந்தயம் ஊறப் போட்டுக் குடிச்சா சரியாயிடும்" என்று தள்ளிப்போட்டார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கணக்கும் நியாயம்தான். போகிற நடையில் வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை இரண்டையும் பார்த்துவிடலாம் என்றுதான் அவரைக் கிளப்பினேன்.

முதலில் என்ன படுகிறது என்று கவனியுங்கள். மாதவிடாய்க்கு இடையில் நிறமற்று வழுவழுப்பாக வருவது இயல்பு. தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் நிறமும் மீன் வாடையும் இருந்தால் பாக்டீரியா. மஞ்சள் பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்ற, உறவில் பரவும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவரும் மாத்திரை சாப்பிட வேண்டும். இதெல்லாம் அடையாளம்தான், முடிவு டாக்டருடையது.

இவை நேரடியாகப் புற்றுநோய் ஆவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ், 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. பெரும்பாலோர் உடம்பு அதை இரண்டு வருடத்துக்குள் விரட்டிவிடும். பிறப்புறுப்பைப் புளிப்பாக வைத்துக் காக்கும் நல்ல பாக்டீரியா குறைந்தால், வைரஸ் தங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. தங்கினால்தான் செல்கள் மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாகப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிடித்துவிடலாம். மாத்திரையில் வாடை போகும், வைரஸ் போகாது. அதனால் புற்றுநோய்ச் சோதனை தனி வேலை.

சோதனைக்கு மாதவிடாய் நாளில் போகாதீர்கள். இரண்டு நாள் முன்பிருந்து பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரை, தாம்பத்யம், கழுவுதல் வேண்டாம். (சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதை எப்போதுமே விட்டுவிடுங்கள். நல்ல பாக்டீரியா அதில்தான் போகிறது.)

அரசு மருத்துவமனைகளில் 30 வயது தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை உண்டு. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். லேசாக எரியும், அவ்வளவுதான். வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பரிசோதனைக்குத் துளி சதை எடுப்பார்கள்.

தொற்றும் வீக்கமும் இருந்தால், "முதலில் மருந்து, அப்புறம் வாங்க" என்று அனுப்பலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அரிப்பு நின்றதும் திரும்பப் போவதில்லை. சித்தியும் அப்படித்தான் நழுவப் பார்த்தார். தேதியை காலண்டரில் வட்டம் போட்டு மாட்டினேன்.

உறவுக்குப் பின்போ மாதவிடாய் நின்ற பின்போ ரத்தம் பட்டால் எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.