படித்தது தேர்வறையில் ஞாபகத்துக்கு வரணுமா? ஒரு செருப்புப் பெட்டியும் கொஞ்சம் அட்டைகளும் போதும்

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது: உயர் நீதிமன்றம் நீதிப்பேராணை (ரிட்) வழங்குவது அரசியலமைப்பின் எந்தப் பிரிவின் கீழ்? அந்தப் பக்கம் அப்படியே கண்ணில் நிற்கிறது. இடது பக்கம், அடியில் டீ சிந்திய கறை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தது, கீழே குக்கர் விசில் அடித்தது வரை எல்லாம் வருகிறது, எண் மட்டும் வரவே இல்லை. நாலு தடவை படித்த பாடம். 32 என்று போட்டுவிட்டு வந்தேன். அது உச்ச நீதிமன்றத்துக்கான பிரிவு, விடை 226.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தபோதுதான் நினைவு என்பது ஒரே பொருள் இல்லை என்று புரிந்தது. டீக்கறையும் குக்கர் விசிலும் நிகழ்வு நினைவு, அதாவது நமக்கு நடந்தது. 226 என்பது பொருள் நினைவு, அதாவது தகவலாகத் தெரிந்து வைத்திருப்பது. இந்த இரண்டையும் 1972இல் பிரித்துக் காட்டியவர் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர். மூன்றாவதாக, சைக்கிள் ஓட்டுவது மாதிரி கை கால் பழகிக்கொள்ளும் செயல்முறை நினைவு. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் புதிதாக நடந்த எதுவும் அவருக்குத் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது, முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாதபோதும். படிக்கும்போதெல்லாம் மனசைப் பிசையும் கதை இது.

இதற்கெல்லாம் முன்வாசல் குறுகிய கால நினைவு. ஓடிபி எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அடிக்கப் போகும்போது யாராவது "கேஸ் வந்திருக்கு" என்று கூப்பிட்டால் போய்விடும் இல்லையா, அதுதான். அதில் ஒரு நேரத்தில் ஏழு துண்டுகள் நிற்கும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதினார், பிற்கால ஆய்வாளர்கள் நாலு என்கிறார்கள். அதனால் ஒரு பக்கத்தை மொத்தமாக விழுங்க முடியாது, துண்டாக்கித்தான் ஆகணும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். பளபள தாளில் ஜெல் பேனா ஈஷிக்கொள்ளும், பால்பாயிண்ட் நல்லது. முன்பக்கம் ஒரு கேள்வி, பின்பக்கம் ஒரே ஒரு விடை. "அடிப்படை உரிமைகளை விளக்குக" என்று எழுதினால் அது அட்டை இல்லை, கட்டுரை. "தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு?" பின்னால் "17". அவ்வளவுதான்.

2. பெட்டி. செருப்புப் பெட்டியில் ஐந்து தடுப்பு. முதல் தடுப்பைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நாலாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பரப்பிய முறை இது.

3. திருப்புவதற்கு முன்னால் விடையைச் சொல்வது. நான் ஒரு மாதம் வீணாக்கியது இங்கேதான். கேள்வியைப் பார்ப்பேன், உடனே திருப்புவேன், "ஆமா, இது தெரியுமே" என்று அடுத்த தடுப்பில் போடுவேன். முதல் தடுப்பு வேகமாகக் காலியானது, மாதிரித் தேர்வு மதிப்பெண் நகரவே இல்லை. விடையைப் பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, விடை கண்ணில் படாமல் உள்ளேயிருந்து எடுப்பது வேறு. தேர்வுக்கு வேண்டியது இரண்டாவது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மறுபடி படிப்பது நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

அதனால் இப்போது நான் செய்வது இது. விடையை வாய்விட்டுச் சொல்லுவேன், இல்லை ஒரு தாளில் எழுதுவேன். அப்புறம்தான் அட்டையைத் திருப்புவேன். வரவில்லை என்றாலும் பத்து நொடி முட்டி மோதிப் பார்ப்பேன். அந்தப் பத்து நொடி எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் விடாதீர்கள், வேலை நடப்பதே அங்கேதான்.

4. தூக்கம். அன்றைக்குப் படித்ததை மூளை பதிய வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்துக்கு. விடிய விடிய உட்காராதீர்கள்.

செயலி வேண்டும் என்பவர்களுக்கு ஆங்கி இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசம், எந்த அட்டை என்றைக்கு என்று அதுவே கணக்குப் போடும். என் ஓட்டு காகிதத்துக்கே. போனை எடுத்தால் வாட்ஸ்அப்பைத் தாண்டிப் போவது பெரும்பாடு. இன்னொருவர் செய்த அட்டைத் தொகுப்பை மட்டும் இறக்கிப் படிக்காதீர்கள், எதைக் கேள்வியாக்குவது என்று யோசித்து நாமே எழுதும்போதே பாதி ஏறிவிடுகிறது.

பின்சேர்க்கை: 32, 226 மாதிரி ஜோடிகள் குழம்புகின்றன என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். இரண்டு தனி அட்டையோடு மூன்றாவதாக ஒன்று போடுங்கள்: "32க்கும் 226க்கும் என்ன வித்தியாசம்?" எனக்குக் குழப்பம் தீர்ந்தது அதில்தான்.

இன்னொன்று: கூட்டு வட்டிச் சூத்திரத்தை அட்டையில் போட்டும் கணக்கு வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். சூத்திரம் பொருள் நினைவு, கணக்குப் போடுவது மொலேசனின் நட்சத்திரம் மாதிரி செய்து செய்து படிவது. அதற்குப் பெட்டி உதவாது. தினமும் ஐந்து கணக்கு, விடைத்தாளைப் பார்க்காமல், பேனா பிடித்துப் போடுங்கள்.