காலேஜ்ல டிபார்ட்மென்ட்டை ஒண்ணாக்கப் போறீங்களா? அரியர் பசங்களை மறந்துடாதீங்க

ரெண்டு டிபார்ட்மென்ட்டை சேர்க்கும்போது யாரு ஹெச்ஓடி (துறைத் தலைவர்), எந்த பில்டிங்னுதான் மீட்டிங் முழுக்க சண்டை நடக்கும், அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஏற்கனவே படிக்கிற பசங்க, சேர்ந்தப்போ இருந்த ரெகுலேஷன்லயே (சிலபஸ், எக்ஸாம் விதிகள்) முடிப்பாங்கன்னு சர்க்குலர் விடுங்க. சர்டிபிகேட்ல என்ன பேர் வரும், பழைய சிலபஸ் அரியருக்கு கொஸ்டின் பேப்பர் யாரு செட் பண்ணுவா, எத்தனை வருஷம் வரைக்கும்னு அதுலயே இருக்கணும்.

ரெக்கார்டு எந்த ஆபீஸுக்குப் போகுதுன்னும் எழுதி வைங்க. அண்ணா யுனிவர்சிட்டியவே 2007ல கோவை, திருச்சி, திருநெல்வேலின்னு பிரிச்சு, மதுரை பின்னாடி வந்து, 2012ல எல்லாத்தையும் திரும்ப ஒண்ணாக்கினாங்க, அதனால இந்த அமைப்பு அப்படியே நிக்கும்னு நம்பி பழைய ஃபைலை மூட்டை கட்டாதீங்க.

போனஃபைடு (இங்க படிக்கிறாங்கன்னு தர்ற சர்டிபிகேட்), ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ் மூணையும் ஒரே கவுன்டர்ல வைங்க. கவுன்சலிங்கை மட்டும் அங்க வைக்காதீங்க, ஃபீஸ் கட்ற லைன்ல நின்னுக்கிட்டு எந்தப் பையன் மனசு விட்டுப் பேசுவான்? தனி ரூம் குடுங்க. இன்டர்னல் மார்க் போடற சாரையே மென்ட்டரா போடறதும் வேணாம், வாயே திறக்க மாட்டாங்க.

மாத்தறதை செமஸ்டர் நடுவுல பண்ணாம மே மாச லீவுல பண்ணுங்க.